ஏரிக்குள் போன பதினேழு

பிப்ரவரி 9

ஆமையாருக்கு,

இனிமேல் போன் வேண்டாம், கடிதம்தான் என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். நான் இங்கே வந்த நாளிலிருந்து போனில் அரை மணி நேரம் நான் பேசுவேன், நீங்கள் "ம்" என்பீர்கள். சாப்பிட்டீர்களா, ம். கோபமா, ம். கோபம் இல்லையா, அதற்கும் அதே ம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடிதத்தில் அந்த வேலை நடக்காது. ஒற்றை "ம்" எழுதி, உறையில் போட்டு, அஞ்சல் தலை ஒட்டி அனுப்புகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன், மற்ற கதை அப்புறம். இரண்டு பேரும் சேர்ந்துதானே முடிவு செய்தோம்? எனக்குத் தலைமை அலுவலகத்தில் பதவி உயர்வு, நீங்கள் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மாதத்தில் வந்து சேருவீர்கள் என்று. நான் இங்கே வந்து, இரண்டு பேருக்கு வீடு பார்த்து, இரண்டு பேருக்குக் கட்டில் வாங்கிப் போட்ட பிறகு, உங்கள் விண்ணப்பத்தை நீங்களே திரும்ப வாங்கிக்கொண்டதாக டிப்போவிலிருந்து எனக்குத் தகவல் வருகிறது. என் புருஷனைப் பற்றிய செய்தி எனக்கு அலுவலக நகலாக வருகிறது. ஏன் என்று போனில் கேட்டால், ம்.

சரி, மற்ற கதை. நான் உட்காரும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய சுவர் முழுக்க ஒரு திரை. போக்குவரத்துக் கழகத்தின் ஒவ்வொரு பஸ்ஸும் அதில் ஒரு புள்ளி. நேரத்துக்குப் போனால் பச்சை, தாமதித்தால் மஞ்சள், தடம் மாறினால் சிவப்பு. காலையில் விளக்கை அணைத்துவிட்டால் மின்மினிகள் நிறைந்த தோட்டம் மாதிரி இருக்கும். எந்த பஸ்ஸில் எத்தனை பேர் பயண அட்டையைத் தேய்த்தார்கள் என்று பார்த்து, எந்த நேரத்துக்கு என்ன கட்டணம் என்று சொல்வது ஒரு கணினி. எங்கள் அறையில் அதற்குப் பெயர் மாமியார். எதைச் செய்தாலும் ஒரு குறை சொல்லும்.

மாமியார் போன மாதம் ஒன்று கண்டுபிடித்தாள். எட்டு மணி பஸ்களில் மூச்சுவிட இடமில்லை, ஐந்தரை மணி பஸ்களில் ஓட்டுநரும் காற்றும்தான் போகிறார்கள். புது பஸ் வாங்கக் கழகத்திடம் பணம் இல்லை. இருக்கிற பஸ்ஸில் கூட்டத்தைப் பரப்பிவிட வேண்டும். ஆகவே ஆறு மணிக்கு முன்னால் ஏறினால் பாதிக் கட்டணம், எட்டு மணிக்கு ஏறினால் ஒன்றரை மடங்கு. உங்கள் பதினேழாம் எண் தடத்துக்கு அதை எழுதி வைத்தது நான்தான். அடுத்த வாரம் அமலுக்கு வருகிறது. உங்கள் காலி பஸ் நிறையப் போகிறது, எனக்கு நன்றி சொல்வீர்கள்.

ஒரு பக்கமாவது பதில் எழுதுங்கள்.

அவசரக்குடுக்கை
(நீங்கள் வைத்த பெயர்தானே)


பிப்ரவரி 26

அவசரக்குடுக்கைக்கு,

நம் வீட்டில் எழுதுகிற மேஜை என்று ஒன்று இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. நீ கணினியை மடியில் வைத்துக்கொள்வாய், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன், நமக்கெதற்கு மேஜை. இஸ்திரிப் பலகையை விரித்து அதன்மேல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பலகை ஆடுகிறது என்று அர்த்தம்.

விண்ணப்பத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் இல்லை. அடுத்ததில் எழுதப் பார்க்கிறேன். உன் பாதிக் கட்டணம் இங்கே என்ன செய்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பஸ் நிறைந்துவிட்டது. நீ சொன்னது சரிதான். முதல் நாள் ஐந்தரைக்குக் கதவைத் திறந்தபோது வரிசை பால் கடை வரை நின்றது. வரிசையில் யாரும் பேசவில்லை. எட்டு மணிக் கூட்டம் என்றால் சண்டை, சிரிப்பு, செல்போன் பாட்டு எல்லாம் இருக்கும். இது ஊமைக் கூட்டம். ஏறுகிறார்கள், அட்டையைத் தேய்க்கிறார்கள், உட்கார்ந்ததும் தலை சாய்ந்துவிடுகிறது. டிப்போ விளக்கைத் தாண்டுவதற்குள் என்னைத் தவிர யாருமே முழித்திருப்பதில்லை. முன்னால் ஒருத்தர் கொட்டாவி விட்டால் அது ஒவ்வொரு இருக்கையாகக் கடைசி வரை போய், சுற்றிக்கொண்டு என்னிடம் வருகிறது. ஓட்டுகிறவன் கொட்டாவி விடக்கூடாது. கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொள்கிறேன்.

இவர்கள் யாருக்கும் அந்த நேரத்தில் வேலை கிடையாது. தொழிற்பேட்டை வாசலை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். எல்லா விலையும் ஏறிக் கிடக்கிறது, கட்டணத்தில் பாதி மிச்சமாகிறதே என்று விடியும் முன்னால் கிளம்பி வந்துவிடுகிறார்கள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைக்கிறாளே, நம் தெருக்கோடி தையல் அக்கா, அவள் தவணையில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறாள். கையால் துவைக்கும் நேரம் மிச்சமானால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்றுதான் வாங்கினாளாம். இப்போது தவணையைக் கட்டுவதற்காக என் பஸ்ஸில் வருகிறாள். இயந்திரம் வீட்டில் நன்றாகத் தூங்குகிறது என்கிறாள்.

முதல் வாரம் நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினேன். பூட்டிய வாசலுக்கு வெளியே, மதில் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒருவர் தோளில் ஒருவராக நின்றார்கள். மழை வேறு. என்னால் பார்க்க முடியவில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தேநீர் இடைவேளை உண்டல்லவா, அதை வழியிலேயே செலவழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மெதுவாகப் போகிறேன். அவ்வளவுதான். என் இடைவேளை, என் தேநீர், நான் குடிக்காமல் விடுகிறேன்.

இப்போது அது ஒரு வீடு மாதிரி ஆகிவிட்டது. தையல் அக்கா கம்பெனிக் கழிவுத் துணியில் ஜன்னல்களுக்குத் திரை தைத்து மாட்டியிருக்கிறாள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் வார்டு அம்மா ஒரு தலையணையை இருக்கைக்கு அடியிலேயே விட்டுப் போகிறாள். நேற்று தையல் அக்கா தூக்கத்தில், "பொத்தான் பத்தல" என்றாள். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த வார்டு அம்மா கண்ணைத் திறக்காமலே, "என் சட்டையில இருக்கு, எடுத்துக்க" என்றாள். இரண்டு பேரும் ஒரே கனவுக்குள் இருந்தார்களோ என்னவோ.

ஏரியை ஒட்டிப் போகிறபோது பனி சாலையில் இறங்கி நிற்கிறது. சக்கரம் உருளுகிற சத்தம்கூடக் கேட்பதில்லை. ஏரியைச் சுற்றிப் பழைய கரைச்சாலை ஒன்று பிரியுமே, ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் நானும் ஸ்கூட்டரில் போவோமே, அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம் ஸ்டியரிங் லேசாக அந்தப் பக்கம் சாய்கிறது. அங்கே வேகத்தடை கிடையாது, சிக்னல் கிடையாது. நேராகத்தான் போகிறேன், பயப்படாதே.

ஒரு பக்கம் கேட்டாய். எத்தனை எழுதியிருக்கிறேன் என்று பார்.

ஆமை


மார்ச் 7

ஆமையாருக்கு,

உங்கள் கடிதத்தைக் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். பொத்தான் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திடுக்கிட்டு முழித்து, இறங்கும் இடம் வந்துவிட்டதென்று கதவுப் பக்கம் ஓடினாள்.

ஆமாம், இந்த ஊருக்கும் அதே கட்டணம்தான், நானும் பாதிக் கட்டண பஸ்ஸில்தான் போகிறேன். வீட்டு வாடகை, கட்டில் தவணை, மாத வாடகைக்கு எடுத்த குளிர்சாதனப் பெட்டி எல்லாம் போக, நானே எழுதி வைத்த ஒன்றரை மடங்கைக் கொடுக்க எனக்கே மனம் வரவில்லை. அலுவலகம் திறக்கும்வரை வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன். காவலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, முதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். இப்போது விடியற்காலையிலேயே திரைக்கு முன்னால் இருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தினமும் அந்தச் சுவரில் பதினேழைத் தேடிப் பார்க்கிறேன். மற்ற புள்ளிகள் எல்லாம் எறும்பு மாதிரி ஓடும்போது உங்களுடையது மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டே போகிறது. அது நீங்கள்தான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிப் பக்கம் வரும்போது நின்றுவிட்டதோ என்று தோன்றும், பிறகு ஊரும். ஒரு நாள் யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டுப் பார்த்தேன். திரை வெதுவெதுப்பாக இருந்தது. நான் உங்களைப் பார்க்கிறேன், நீங்கள் என்னைப் பார்க்க முடியாது. அது எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது.

இப்போது கேளுங்கள், இது முக்கியம். உங்கள் புள்ளி மஞ்சளாகிவிட்டது. மாமியார் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறாள், டிப்போவில் கொடுத்திருப்பார்கள். மூன்றாவது முறை வந்தால் ஓட்டுநரைத் தடத்திலிருந்து எடுத்துவிட்டு, இங்கே தலைமைப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளமும் குறையும். தயவுசெய்து நேரத்துக்கு ஓட்டுங்கள். உங்கள் நல்ல மனசு கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நிமிடம் மட்டும்தான்.

விண்ணப்பம் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். காத்திருக்கிறேன்.

அவசரக்குடுக்கை


மார்ச் 21

அவசரக்குடுக்கைக்கு,

நீ சொன்னாய் என்று நேரத்துக்கு ஓட்டினேன். என்ன நடந்தது என்று கேள்.

மாவு மில் வளைவு உனக்குத் தெரியும். அதை நேரத்துக்குத் திரும்ப வேண்டுமானால் உடம்பே ஒரு பக்கம் சாயும். முழித்திருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். தூங்குகிறவர்கள் எதைப் பிடிப்பார்கள்? கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண் தன் குழந்தையைப் போர்வையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு வருவாள். அந்த நேரத்தில் வீட்டில் விட ஆளில்லை, குழந்தைகள் காப்பகம் எட்டு மணிக்குத்தான் திறக்கிறது. குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். அந்த வளைவில் குட்டி இருக்கையிலிருந்து உருண்டு கீழே விழுந்துவிட்டாள். உதடு கிழிந்து ரத்தம். வார்டு அம்மா இருந்ததால் உடனே துடைத்துப் பஞ்சு வைத்தாள். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய் நின்றேன். அந்தத் தாய் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் சொன்னது இதுதான்: "பரவால்லண்ணே. நீங்க நேரத்துக்குப் போகணும்ல."

அன்றிலிருந்து மறுபடி மெதுவாகத்தான் போகிறேன். இரண்டாவது எச்சரிக்கையும் வந்துவிட்டது. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உன் மாமியாரிடம் சொல். நிஜமான உன் மாமியார், என் அம்மா, உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெயரை வைத்ததற்கே உங்கள் அலுவலகத்துக்கு வந்து சண்டை பிடித்திருப்பாள்.

எனக்கு உன்மேல்தான் கோபம். பாதிக் கட்டணத்தை எடுத்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. எடுத்தால் இவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள், அந்த மிச்சம் இவர்களுக்கு வேண்டும். அது வந்ததால் தூக்கம் போயிற்று, போனால் மிச்சம் போய்விடும். என்ன கேட்பதென்றே தெரியாமல் ஒரு மனிதன் கோபமாக இருக்க முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

விண்ணப்பம். சரி, எழுதிவிடுகிறேன். வேலைக்குப் பயந்து திரும்ப வாங்கவில்லை. எந்த ஊர் பஸ்ஸாக இருந்தால் என்ன, நாலு சக்கரத்துக்கு மேல் ஏதோ ஒன்று. நான் பயந்தது சாயங்காலத்துக்கு. உன் ஊரில் நீ பெரிய அலுவலகத்து ஆள். நான் டியூட்டி முடிந்து வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, நீ வரும்வரை அந்தத் தெரியாத வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தப் படம் மனசுக்குள் வந்துவிட்டது, போக மாட்டேன் என்கிறது. இங்கே என்றால் ஊரே எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் நீ ஒரு மாதம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ கட்டில் வாங்குவாய் என்று நினைக்கவில்லை.

இதைப் போனில் எப்படிச் சொல்வது, சொல்.

ஆமை


ஏப்ரல் 3

உங்களுக்கு,

இன்றைக்குப் பட்டப்பெயர் வைத்து எழுத வரவில்லை.

மேலாளர் என் மேஜையில் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமியார் மறுபடி யோசித்திருக்கிறாள். ஐந்தரை மணி பஸ் இப்போது நிரம்பி வழிகிறது, எட்டு மணி பஸ் காலி. ஆகவே எட்டு மணிக்குப் பாதிக் கட்டணம், ஐந்தரைக்கு ஒன்றரை மடங்கு. ஊரை ஒரு தொட்டிலில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறோம், தூங்கத்தான் விட மாட்டேன் என்கிறோம். நான் இதை மேலாளரிடம் சொன்னேன். அவர் நல்லவர்தான். "கணக்கு சரியாத்தானேம்மா இருக்கு" என்றார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது பக்கத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். காலைப் பதினேழு தாமதமாகிறது என்பதால் அதை நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலை வழியாக ஒரு விரைவு பஸ் விட வேண்டுமாம். ஏரிப் பக்கம் போகாது, பால் கடையில் நிற்காது. பதினேழின் ஓட்டுநர் உபரி. உபரி ஓட்டுநர்களைத் தலைநகர டிப்போவுக்கு மாற்ற வேண்டும், இங்கே ஆள் பற்றாக்குறை.

புரிகிறதா? நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நீங்கள் இங்கே வந்துவிடுவீர்கள். விண்ணப்பம் வேண்டாம், கெஞ்சல் வேண்டாம். பேனாவை எடுத்தேன். மூடியைக்கூடத் திறந்தேன். மனசு எங்கே போனது தெரியுமா? இரண்டாவது தலையணைக்கு. இந்தக் கட்டிலில் இன்னும் ஒரே தலையணைதான் இருக்கிறது, வருகிற வழியில் ஒன்று வாங்கிவிடலாம், எந்த நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது வார்டு அம்மாவின் தலையணை நினைவுக்கு வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை. போடுவேன் என்றும் சொல்லவில்லை. உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பதாக எழுதினீர்களே, நான் இங்கே மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அப்படி நினைத்துப் பார்க்கவில்லையா?

அடுத்த வாரம் இரண்டு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். வீட்டில் படுத்துத் தூங்கப் போகிறேன். அதன்பிறகு முடிவு.


ஏப்ரல் 14

ஆமையாருக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். விடுப்பில் தூங்கினேன், ஆனால் வீட்டில் இல்லை.

ரயில் ஏறி நம் ஊருக்கு வந்தேன். நம் வீட்டுக்கு வரவில்லை, வந்திருந்தால் சண்டை போட்டிருப்போம், இல்லையென்றால் சமாதானம் ஆகியிருப்போம். இரண்டில் எது நடந்தாலும் பதினேழைப் பற்றிய முடிவு கெட்டுப்போகும் என்று தோன்றியது. பால் கடை நிறுத்தத்தில் சால்வையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். நடுக் கதவு வழியாக ஏறிப் பின்னால் போய்விட்டேன். நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் பின்னந்தலை தெரிந்தது. முடி வெட்டிக்கொள்ள வேண்டும்.

முழித்திருந்து எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்வதாகத் திட்டம். கடைசி நிறுத்தத்தில் உங்கள் முன்னால் போய் நிற்பதாகவும் திட்டம். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் தலையணையில் பாதியை என் பக்கம் தள்ளினாள். அதில் மருந்து வாசனை. தையல் அக்காவின் ஜன்னல் திரை ஒவ்வொன்றும் ஒரு நிறம், வெளியே வெளுக்க வெளுக்க உள்ளே எல்லோர் முகத்திலும் அந்தந்த நிறம் விழுந்தது. யாரோ ஒருவர் மெல்லக் குறட்டை விட்டார், அதற்கேற்ப எஞ்சின் முனகியது. குட்டி என் எதிரே, போர்வைக்குள், உதட்டில் தழும்போடு. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கட்டிலை வாங்கியதிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை. தண்ணீருக்கு மேலே போவது மாதிரி ஒரு கனவு வந்தது.

எழுந்தபோது பஸ் தொழிற்பேட்டையில் காலியாக நின்றது. நன்றாக விடிந்திருந்தது. என்மேல் யாரோ ஒரு ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்தியிருந்தார்கள். உங்களைக் காணவில்லை. திரும்பும் ரயிலுக்கு நேரம் நெருங்கிவிட்டது, ஓடினேன். ஓடும்போதுதான் உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அழுகை வந்தது.

திரும்பி வந்து கோப்பை எடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. பதினேழு இருக்கட்டும், எட்டரை வரை எப்போது ஏறினாலும் பாதிக் கட்டணம், மூன்று மாதம் சோதித்துப் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு மணி என்று கோடு கிழித்ததால்தான் அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்து குவிந்தார்கள். கோடு இல்லையென்றால் அவரவர் வேலைக்கு ஏற்றபடி வருவார்கள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதனால் வருமானம் குறையுமே என்றார். குறையும், ஆனால் விரைவு பஸ்ஸுக்கு ஆகும் செலவைவிட அது குறைவு என்று காட்டினேன். சரி என்றார். நேற்று அமலுக்கு வந்திருக்கும்.

அதன்பிறகுதான் என் சக ஊழியர் சொன்னார். நான் விடுப்பில் இருந்த அன்று அறையில் ஒரே அமளியாம். பதினேழாம் எண் சாலையை விட்டு விலகி, ஏரிக்குள் போய்விட்டதாம். நீல நிறத்தின் நடுவே சிவப்புப் புள்ளி மிதந்து, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுகரையில் ஏறி வந்ததாம். கரைச்சாலை எங்கள் வரைபடத்தில் இல்லை. இவர்கள் தீயணைப்பு நிலையத்துக்கே போன் போட்டுவிட்டார்கள்.

அந்த ஏரிக்குள் நானும் இருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கரைச்சாலையை வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் சிவப்பு விழுந்தது விழுந்ததுதான், என்னால் அழிக்க முடியவில்லை. மூன்றாவது எச்சரிக்கை உங்களுக்கு வந்திருக்கும். எல்லாம் சரியாகப் போகிற நேரத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள்? இத்தனை நாள் ஸ்டியரிங் சாய்ந்தும் நேராகத்தானே போனீர்கள்?

அவசரக்குடுக்கை


ஏப்ரல் 23

அவசரக்குடுக்கைக்கு,

சால்வையைத் தலைக்குப் போட்டால் ஆள் தெரியாதா? நீ வரிசையில் நிற்கிற விதமே தனி. முன்னால் இருப்பவர் நகர்வதற்கு முன் உன் கால் நகரும். பால் கடைக்கு வளையும்போதே பார்த்துவிட்டேன். பேசத்தான் வந்திருக்கிறாள், கடைசி நிறுத்தத்தில் வந்து நிற்பாள் என்று நினைத்து, என்னென்ன சொல்வதென்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஏரி வரும்போது கண்ணாடியில் பார்த்தேன். நீ தூங்கிவிட்டிருந்தாய். வார்டு அம்மாவின் தோளில் சரிந்து, வாய் லேசாகத் திறந்து. நம் வீட்டில்கூட நீ அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை, எப்போதும் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாய். நேராகப் போனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்ப வேண்டியிருக்கும். ஸ்டியரிங் சாய்ந்தது. இந்த முறை நான் தடுக்கவில்லை. கரைச்சாலையில் திருப்பினேன். இரண்டு பக்கமும் பனி, கீழே தண்ணீர், எங்கே கரை எங்கே ஏரி என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் திரை சொன்னது அப்படி ஒன்றும் பொய்யில்லை. யாரும் முழிக்கவில்லை. குட்டி மட்டும் ஒரு தடவை எழுந்து வெளியே பார்த்தாள். "மாமா, நாம கப்பல்லயா போறோம்?" என்று கேட்டாள். ஆமாம், படுத்துக்கோ என்றேன். படுத்துக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்ததும் எல்லோரையும் எழுப்பினேன். உன்னை எழுப்பவில்லை. ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்திவிட்டு உனக்குத் தேநீர் வாங்கப் போனேன். தேநீர் வாங்குவதிலும் ஆமைதான் நான். இரண்டு கையிலும் டம்ளரோடு வந்தபோது இருக்கை காலி. இரண்டையும் நானே குடித்தேன்.

உன் புதுக் கட்டணம் வந்துவிட்டது. இப்போது ஐந்தரை மணிக்கு பஸ்ஸில் நானும் காற்றும்தான். எல்லோரும் அவரவர் வீட்டில் தூங்குகிறார்கள். தையல் அக்கா ஏழு மணி பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டு வருகிறாளாம். குட்டி போர்வை இல்லாமல் நடந்து வருகிறாளாம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் நாள் காலி பஸ்ஸைப் பார்த்தபோது, யாராவது வருவார்களா என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நான் அத்தனை நாள் இவர்களைத் தூங்க வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்குப் போடாத வீட்டுக்குத் திரும்ப எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் அவ்வளவு மெதுவாக ஓட்டியிருக்கிறேன். வார்டு அம்மா மட்டும் இன்னும் ஐந்தரைக்கே வருகிறாள், வீட்டில் தூக்கம் வரவில்லையாம். அவளும் நானும் போகிறோம்.

சிவப்புக் காகிதமும் வந்தது. மே முதல் வாரத்தில் தலைமைப் பயிற்சி நிலையத்தில் ஆஜராக வேண்டும். மூன்று மாதம். வேகமாக ஓட்டக் கற்றுக்கொடுப்பார்களாம். முடிந்ததும் திருப்பி அனுப்புவார்கள் என்று போட்டிருக்கிறது. டிப்போ அலுவலகத்தில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே பேனாவால் இடமாற்ற விண்ணப்பத்தையும் மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினேழை எடுக்கப்போகிறவரிடம் சாவியைக் கொடுக்கும்போது மாவு மில் வளைவை மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

பயிற்சி நிலையத்தில் தங்க இடம் தருவார்கள். அங்கேயும் தங்கலாம். எனக்குத் தலையணை எந்த நிறமாக இருந்தாலும் சரி. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாலும் சரி, விளக்கை நானே போட்டுக்கொள்கிறேன்.

நான் அங்கே வரட்டுமா?

ஆமை


ஏப்ரல் 26

ஆமையாருக்கு,

ம்.

அவசரக்குடுக்கை